கணினி செஸ் நிரல்களின் பிழையான காய்த் தியாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ் நிரல்களோடு ஆடுபவர்களும், அவற்றைக் கொண்டு தம் ஆட்டங்களை ஆராய்பவர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. காயை விட்டுக்கொடுத்தது கணினி என்பதற்காக அதை அப்படியே நம்பவும் வேண்டாம், எள்ளி ஒதுக்கவும் வேண்டாம்; அந்த நகர்த்தல் எதனால் வந்தது என்று கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

காயைத் தியாகம் செய்வதற்கும் கோட்டைவிடுவதற்கும் என்ன வித்தியாசம்? பிழையான தியாகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தெரிந்தே கொடுத்தால் தியாகம். கவனிக்காமல் இழந்தால் கோட்டைவிட்டதாகப் பொருள். தியாகங்களிலும் இரண்டு வகை உண்டு என்று ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஸ்பீல்மன் 1930களிலேயே பிரித்துக் காட்டினார். கொடுத்த காய் சில நகர்த்தல்களுக்குள் செக்மேட்டாகவோ வேறு காயாகவோ திரும்பி வருவது உறுதியாகத் தெரிந்தால், அது பெயரளவில் மட்டுமே தியாகம். எப்போது, எந்த வடிவில் ஈடு கிடைக்கும் என்று கணக்கிட முடியாமல் கொடுப்பதுதான் உண்மையான தியாகம்.

எதிராளி மிகச் சிறந்த தற்காப்பை ஆடும்போது, காயைக் கொடுக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் நிலையைவிட மோசமான நிலைக்குக் கொடுத்தவர் தள்ளப்பட்டால், அந்தத் தியாகம் பிழையானது. இந்த ஒப்பீடு முக்கியமானது. ஏற்கெனவே தோற்றுவிட்ட நிலையில் கொடுக்கப்படும் காய் வெற்றியைத் தரவில்லை என்பதற்காக மட்டும் அது பிழையாகிவிடாது.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தானே ஆடுகிறது? அதற்கு எப்படித் தப்பு வரும்?

எல்லாவற்றையும் எந்த நிரலாலும் கணக்கிட முடியாது. ஆட்டத்தின் நடுக்கட்டத்தில் ஒரு நிலையில் சராசரியாக 30க்கு மேற்பட்ட நகர்த்தல்கள் சாத்தியம். ஒவ்வொரு பதிலும் அந்த எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போகும். 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினி டீப் ப்ளூ நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதற்கும் ஆட்டத்தின் முடிவு தெரியாது. ஆகவே எந்த நிரலும் ஓர் ஆழம் வரை தேடுகிறது, அங்கே நின்று அந்த நிலையை மதிப்பிடுகிறது, அந்த மதிப்பீட்டை வைத்து இப்போதைய நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கிறது.

பிழை நுழையும் வழிகள் இதிலிருந்தே தெரியும். தேடல் போதாத இடத்தில் நின்றுவிடலாம். நின்ற இடத்தில் செய்த மதிப்பீடு தவறாக இருக்கலாம். இவை இரண்டும் இன்றி, நகர்த்தல் கணக்கீட்டிலிருந்தே வராமல், முன்பே எழுதிச் சேர்த்த தொடக்கத் தொகுப்பிலிருந்தோ வேண்டுமென்றே பலவீனப்படுத்தும் ஏற்பாட்டிலிருந்தோ வந்திருக்கலாம்.

பழைய நிரல் ஒன்று, நிலைமை மோசமானதும் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தது. ஒரு காரணமும் தெரியவில்லையே?

காரணம் உண்டு. அதற்குத் தொடுவான விளைவு என்று பெயர். அஞ்சல்வழிச் செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்தவரும் பின்னர் கணினி ஆய்வாளரானவருமான ஹான்ஸ் பெர்லினர் 1970களின் தொடக்கத்தில் இதை விளக்கிப் பெயரிட்டார். தேடலின் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்ட இழப்பு, நிரலைப் பொறுத்தவரை நிகழாத இழப்பாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். கறுப்பு நிரலின் பிஷப் ஏ2 சிப்பாயை வெட்டியிருக்கிறது; வெள்ளை பி3 ஆடி அதன் வழியை அடைத்துவிட்டது. வெள்ளை ராஜா சி1இல் நிற்கிறது. அது பி2க்கு வந்து, அடுத்த நகர்த்தலில் பிஷப்பை வெட்டும். நிரல் நான்கு அரைநகர்த்தல் (ஒரு பக்கம் ஒரு முறை ஆடுவது ஓர் அரைநகர்த்தல்) ஆழம்தான் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு ஏதோ ஒரு நகர்த்தல், வெள்ளை ராஜா பி2, கறுப்பு இன்னொன்று, வெள்ளை ராஜா பிஷப்பை வெட்டுகிறது: நான்காவது அரைநகர்த்தலில் பிஷப் போய்விடுகிறது, மூன்று சிப்பாய் அளவு இழப்பு. இப்போது நிரல் இன்னொரு வழியைப் பார்க்கிறது. இ5இல் உள்ள சிப்பாயை இ4க்குத் தள்ளி, எஃப்3இல் உள்ள குதிரையைத் தாக்கினால், வெள்ளை அதை சி3இல் உள்ள இன்னொரு குதிரையால் வெட்டும். பதில் சொல்லாவிட்டால் எஃப்3 குதிரை போகும். அதன்பின் கறுப்பு ஒரு நகர்த்தல், வெள்ளை ராஜா பி2. தேடல் இங்கே முடிந்துவிடுகிறது. பிஷப் இன்னும் பலகையில் இருக்கிறது, போனது ஒரு சிப்பாய்தான். மூன்றைவிட ஒன்று குறைவு என்பதால் நிரல் இ4 ஆடுகிறது.

அடுத்த முறையும் அதே கணக்கு, அதே முடிவு: இன்னொரு சிப்பாய். தள்ளுவதற்குச் சிப்பாய் தீர்ந்த பிறகு பிஷப்பும் போகிறது. பார்ப்பவருக்கு இது துணிச்சலான தியாகத் தொடர்போலத் தோன்றலாம். உண்மையில் அந்த நிரல் எதையும் தியாகம் செய்யவில்லை; பெரிய இழப்பைத் தவிர்த்துவிட்டதாக ஒவ்வொரு முறையும் தவறாகக் கணக்கிட்டது.

இதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லையா?

தொடக்கத்திலிருந்தே முயன்றார்கள். காய்கள் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கொந்தளிப்பான நிலையை மதிப்பிடக்கூடாது, அது அடங்கிய பிறகே மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் வெளியான தம் கட்டுரையிலேயே எழுதினார். அதன்படி, தேடலின் எல்லைக்கு வந்த பிறகும் வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்க்கும் அமைதித் தேடல் நிரல்களில் வழக்கமாயிற்று. செக் கொடுக்கும் வழிகளையும், ஒரே ஒரு பதில் மட்டுமே உள்ள வழிகளையும் கூடுதல் ஆழத்துக்குத் தொடரும் நீட்டிப்புகள் பின்னர் சேர்ந்தன.

ஆயினும் மேலே சொன்ன எடுத்துக்காட்டை அமைதித் தேடல் மட்டும் காப்பாற்றாது. ராஜா பி2க்கு வந்தபோது ஆடும் முறை கறுப்பினுடையது. வெட்டுவதற்கு நல்ல காய் ஏதுமில்லை என்றால் அந்த நிலை அமைதியானது என்றே நிரல் எடுத்துக்கொள்ளும். இன்றைய நிரல்கள் மிக ஆழமாகத் தேடுவதால் தொடுவானம் வெகுதூரம் தள்ளிப்போயிருக்கிறது, மறைந்துவிடவில்லை. சிப்பாய்கள் முழுவதும் அடைபட்டு, எந்தப் பக்கமும் முன்னேற முடியாத நிலைகளில், டிராவை ஒத்துக்கொள்ளாமல் பயனற்ற தியாகத்தைச் செய்யும் போக்கை அதன் எச்சமாகவே காண்கிறேன்.

செக்மேட் ஆகப்போகிற நேரத்தில் ராணியையும் யானையையும் செக் கொடுத்துக் கொடுத்து இழக்கிறது. இதுவும் தொடுவான விளைவுதானா?

இல்லை. இங்கே நிரலுக்கு உண்மை தெரியும். நான்கு நகர்த்தலில் தோல்வி, ஏழு நகர்த்தலில் தோல்வி என்ற இரண்டில், தொலைவில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும்படி அதற்கு விதி எழுதப்பட்டிருக்கிறது. ராணியைக் கொடுத்து ஒரு செக் வைத்தால் ஒரு நகர்த்தல் தள்ளிப்போகும் என்றால், அது கொடுத்துவிடும். தோல்வி உறுதியான நிலை என்பதால், முதல் விடையில் சொன்ன பொருளில் இது பிழையான தியாகமும் அன்று. எதிராளி மனிதராக இருந்தால், தாமதிப்பதைவிடச் சிக்கலான வழியைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும் என்பது வேறு செய்தி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஜெயிக்கிற நிலையில், அதுவும் கடைசிக் கட்டத்தில், தேவையே இல்லாமல் ஒரு காயைக் கொடுக்கிறது. இது எப்படிச் சரியாகும்?

பலகையில் ஏழு அல்லது அதற்குக் குறைவான காய்கள் இருந்தால், நிரல் இறுதிக்கட்ட அட்டவணையைப் பார்த்து ஆடியிருக்கலாம். சிசிஜி என்ற பெயருடைய அட்டவணைகள் ஏழு காய் நிலைகள் வரை 2018இல் முழுமையடைந்தன. அந்த அட்டவணைகள் செக்மேட்டுக்கான தூரத்தை எண்ணுவதில்லை. வெற்றியைக் கைவிடாமல், அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்த்தல் வரை எத்தனை நகர்த்தல் என்பதையே எண்ணுகின்றன. வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இன்றி ஐம்பது நகர்த்தல் கடந்தால் டிரா கோரலாம் என்ற விதியை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது.

எனவே ஒரு யானையைக் கொடுத்துவிட்டு மீதியுள்ளதைக் கொண்டு வெல்ல முடியும் என்றால், எளிய வழி அருகில் இருந்தாலும் அந்த யானை போகலாம். மனிதக் கண்ணுக்கு அழகற்றது. ஆனால் வெற்றி துளியும் குறையவில்லை. இதைப் பிழை என்று சொல்ல இடமில்லை.

போனில் குறைந்த மட்டத்தில் ஆடும்போது கம்ப்யூட்டர் குதிரையைச் சும்மா கொடுக்கிறது. ஏதாவது பொறி வைத்திருக்கிறதா?

பொறி இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். மட்டத்தைக் குறைக்கும்போது நிரல் தான் கண்ட சிறந்த நகர்த்தலை விட்டுவிட்டு, தாழ்ந்த நகர்த்தல் ஒன்றைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்கும்படி அமைத்திருப்பார்கள். பரவலாகப் பயன்படும் ஸ்டாக்ஃபிஷ் நிரலின் திறன் மட்டம் இப்படித்தான் இயங்குகிறது. பத்து நகர்த்தல்கள் தேர்ந்த ஆட்டக்காரரைப்போல ஆடிவிட்டுப் பதினொன்றாவதில் குதிரையைக் கொடுப்பதன் காரணம் இதுவே.

1997இல் டீப் ப்ளூ காஸ்பரோவுக்கு எதிராகக் குதிரையைத் தியாகம் செய்து ஜெயித்ததே, அது அந்த இயந்திரம் யோசித்துக் கண்டுபிடித்ததா?

அந்தப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், காரோ-கான் தொடக்கத்தில் காஸ்பரோவ் ஏழாவது நகர்த்தலாக எச்6 ஆடினார். டீப் ப்ளூ உடனே குதிரையால் இ6 சிப்பாயை வெட்டியது. ஆட்டம் 19 நகர்த்தல்களில் முடிந்தது, போட்டியும் முடிந்தது. ஆனால் அந்த நகர்த்தல் தொடக்கத் தொகுப்பிலிருந்து வந்தது. இயந்திரம் அந்த நேரத்தில் கணக்கிட்டுக் கண்டதன்று. தியாகமும் சரியானதே: கறுப்பு ராஜா நடுப்பலகையில் மாட்டிக்கொள்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் எச்சரிக்கை எதிர்த்திசையிலும் பொருந்தும். ஒரு நிரல் காம்பிட் (தொடக்கத்திலேயே காயைக் கொடுக்கும் ஆட்டமுறை) ஆடிச் சிப்பாயைக் கொடுத்தால், அதைத் தன் கணக்கால் ஆமோதித்தது என்று முடிவுகட்ட வேண்டாம். தொகுப்பை எழுதியவர் பழைய ஆட்டங்களிலிருந்து பிழையான காம்பிட்டையும் எடுத்துச் சேர்த்திருக்கலாம். தொகுப்பு முடிந்த முதல் நகர்த்தலிலேயே நிரல் தன் நிலையைத் தாழ்வாக மதிப்பிட்டால், நடந்தது அதுதான்.

அப்படியானால் தானே யோசித்து, முடிவு தெரியாமல் காயைக் கொடுத்த இயந்திரம் உண்டா?

உண்டு. 2003 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த காஸ்பரோவ் – டீப் ஜூனியர் போட்டியின் ஐந்தாவது ஆட்டத்தைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். நிம்சோ-இந்தியத் தொடக்கத்தில் வெள்ளையாக ஆடிய காஸ்பரோவ் பத்தாவது நகர்த்தலில் ராணியை சி2க்குக் கொண்டுவந்தார். டீப் ஜூனியர் பிஷப்பால் எச்2 சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்தது. ராஜா வெட்டியதும் குதிரை ஜி4இல் செக், ராஜா ஜி3, ராணி ஜி5. காஸ்பரோவின் ராஜா மூன்றாவது வரிசைக்கு இழுக்கப்பட்டுவிட்டது. கணினி கையில் எடுத்துக்கொண்டதோ ஒரு பிஷப்புக்கு ஒரு சிப்பாய். கண்முன்னே செக்மேட் ஏதும் இல்லை.

பதினாறாவது நகர்த்தலில் ஜி3 ஆடிப் போராடும் வழி காஸ்பரோவுக்கு இருந்தது. அவர் அதில் இறங்காமல் பிஷப்பால் எச்7 சிப்பாயை வெட்டினார். ஆட்டம் 19ஆவது நகர்த்தலில் தொடர் செக்கில் டிரா ஆயிற்று. ஆறு ஆட்டங்களின் முடிவில் போட்டியும் மூன்றுக்கு மூன்று என்று சமமானது. ஆமிர் பான், ஷய் புஷின்ஸ்கி இருவரும் எழுதிய ஜூனியர், காய்மதிப்பைவிடக் காய்களின் இயக்கத்துக்கும் ராஜாவின் பாதுகாப்புக்கும் கூடுதல் எடை தரும் நிரல் என்று பெயர் பெற்றது. அன்று அது கொடுத்த பிஷப், இரண்டாம் விடையில் சொன்ன மதிப்பீட்டிலிருந்து பிறந்தது. தொடுவானத்துக்கு அப்பால் எதையும் ஒளிக்கவில்லை. எதிராளி ஜி3 ஆடத் துணிந்திருந்தால் அந்த மதிப்பீடு நிற்குமா என்பதே அந்த ஆட்டத்தின் உண்மையான கேள்வி.

வேண்டுமென்றே தாக்கி ஆடும்படி எழுதிய நிரல்கள் இருந்தனவா? அவை ஏன் முன்னணிக்கு வரவில்லை?

1990களில் கிறிஸ் விட்டிங்டன் எழுதிய செஸ் சிஸ்டம் டால் அப்படிப்பட்டது. தாக்குதலுக்குப் புகழ்பெற்ற மிகயீல் டாலின் பெயரையே அதற்குச் சூட்டினார். எதிராளியின் ராஜாவைச் சுற்றி எத்தனை காய்கள் குவிந்திருக்கின்றன, அதன் முன்னுள்ள சிப்பாய்கள் எவ்வளவு குலைந்திருக்கின்றன என்பனவற்றுக்கு அது பெரும் மதிப்பெண் கொடுத்தது. அந்த மதிப்பெண் ஒரு பிஷப்பின் மதிப்பைத் தாண்டினால் பிஷப் போய்விடும்.

மனிதர்களுக்கு எதிராக இந்த முறை நன்றாகவே பலித்தது. மற்ற நிரல்களுக்கு எதிராகத்தான் சிக்கல். அவை பதறுவதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தற்காத்து, மீதியுள்ள கூடுதல் காயால் வென்றுவிடும். நிரல்களின் தரவரிசையோ நிரல்களோடு நிரல்கள் மோதுவதால் முடிவாகிறது. ஆகவே எழுதியவர்கள் அந்த எடைகளைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆட்டம் அதனால் சற்று வறண்டது என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஆல்ஃபாஜீரோவின் தியாகங்களை எல்லோரும் புகழ்கிறார்கள். அவை மட்டும் எப்படிச் சரியாகின?

டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஜீரோ, காய்களுக்கு மனிதர் எழுதிக் கொடுத்த மதிப்பெண்களை வைத்து ஆடவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்ற நரம்பு வலையமைப்பு, ஒரு நிலையிலிருந்து எதிர்பார்க்கத்தக்க ஆட்ட முடிவு என்ன என்று மதிப்பிட்டது. எதிராளியின் யானை இருபது நகர்த்தலுக்கு வெளியே வர முடியாது என்றால், அதன் மதிப்பு ஐந்து சிப்பாய் என்று அது எண்ணுவதில்லை. 2018 டிசம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, அது நொடிக்கு ஏறத்தாழ 60 ஆயிரம் நிலைகளையே பார்த்தது. எதிரே இருந்த ஸ்டாக்ஃபிஷ் ஏறத்தாழ 6 கோடி. ஆயிரம் ஆட்டங்களில் ஆல்ஃபாஜீரோ 155இல் வென்று 6இல் தோற்றது, மற்றவை டிரா.

இந்த எண்கள் அதன் ஒவ்வொரு தியாகத்துக்கும் சான்றிதழ் ஆகா. வென்ற ஆட்டத்தில் வந்த தியாகம் சரியானது என்று பின்னோக்கி முடிவுகட்டுவது, டால் காலத்திலிருந்தே ரசிகர்கள் செய்துவரும் பிழை. இன்றைய வலுவான நிரலில் அந்த நிலைகளை நீண்ட நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டாக்ஃபிஷ்ஷே 2020 செப்டம்பரில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து நரம்பு வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது என்பதால், அந்த ஒப்பீடு இப்போது யாருக்கும் எளிது.

பிஷப்பைக் கொடுத்த பிறகும் 0.00 என்று காட்டுகிறது. அப்படியானால் தியாகம் சரிதானே?

அந்த எண் நிரலின் மதிப்பீடு; 0.00 என்றால் இரு பக்கமும் சமம். பெரும்பாலும் தொடர் செக் அல்லது நிலை மூன்று முறை திரும்பி வருதல் வழியாக டிரா உண்டு என்று அதற்குப் பொருள். கொடுப்பதற்கு முன் உங்கள் நிலை சமமாக இருந்திருந்தால், தியாகம் சரியே. முன்பு +1.00 இருந்து இப்போது 0.00 ஆகியிருந்தால், முதல் விடையில் சொன்ன ஒப்பீட்டின்படி அது பிழை. ஸ்டாக்ஃபிஷ்ஷில் 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து, +1.00 என்பது நிரலோடு நிரல் ஆடும்போது ஏறத்தாழ 50 விழுக்காடு வெற்றி வாய்ப்பைக் குறிக்கிறது. ஒரு சிப்பாய் கூடுதல் என்று அதைப் படிக்கக்கூடாது.

ஒரு நிரல் தியாகம் சரி என்கிறது, இன்னொன்று தவறு என்கிறது. யாரை நம்புவது? எப்படிச் சோதிப்பது?

முதலில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். தியாகத்துக்குப் பிந்தைய நிலையை வைத்து, ஒரே வழிக்குப் பதிலாக மூன்று நான்கு வழிகளைக் காட்டச் சொல்லுங்கள். தற்காப்பவருக்கு ஒரே ஒரு நகர்த்தல்தான் உண்டா, பல உண்டா என்பது உடனே தெரியும். காயை வெட்டாமல் மறுக்கும் வழியையும் பார்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு சிறந்த தற்காப்பை நகர்த்தி நகர்த்தி முன்னே செல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் மதிப்பீடு எந்தத் திசையில் நகர்கிறது என்பதே உண்மையான சான்று: தாக்குபவரின் எண் சீராக வடிந்துகொண்டே போனால், தொடக்கத்தில் காட்டியது தொடுவானத்தின் மயக்கம். போதிய தூரம் சென்றபின், நிரலை நிறுத்தாமல் அதே வழியில் ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கி வாருங்கள். முன்னே கண்டது அதன் நினைவகத்தில் இருப்பதால், தொடக்க நிலைக்கு வரும்போது முன்பு காணாததைக் காணும். இதன் பின்னும் இரண்டு நிரல்களும் மாறுபட்டால், அந்த நிலையிலிருந்து இரண்டையும் நிறம் மாற்றி மாற்றிச் சில ஆட்டங்கள் மோதவிடுங்கள்.

எதிரே இருப்பவரால் முறியடிக்கவே முடியாத தியாகத்தைப் பிழையானது என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும். 1960 உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டால் 21ஆவது நகர்த்தலாகக் குதிரையை எஃப்4இல் வைத்துக் கொடுத்தார். பின்னர் ஆராய்ந்தவர்கள் அதற்கு மறுமொழி உண்டு என்று காட்டினார்கள். ஆட்டத்தின்போது எதிராளியும் அப்போதைய சாம்பியனுமான போட்வின்னிக் அதைக் காணவில்லை, தோற்றார். நகர்த்தல் பிழையானது, முடிவு நல்லது. இரண்டும் உண்மை.

நிரல்களும் இப்போது இந்த வேறுபாட்டைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. நரம்பு வலையமைப்பால் ஆடும் லீலா செஸ் ஜீரோ என்ற நிரலில், எதிராளி தன்னைவிடப் பலவீனமானவர் என்று எடுத்துக்கொண்டு ஆடும் அமைப்பு ஒன்று உண்டு. ஒரு குதிரையைக் குறைவாக வைத்துக்கொண்டு மனிதர்களோடு ஆடும்போது, சரியாக ஆடினால் தோல்வி என்று தெரிந்திருந்தும், காய்களை மாற்றிக்கொண்டு எளிமைப்படுத்துவதைத் தவிர்த்து, எதிராளி தடுமாறக்கூடிய சிக்கலை நோக்கி அது போகிறது. வழியில் சிப்பாய்களையும் கொடுக்கத் தயங்குவதில்லை. அப்படிப்பட்ட நிரலோடு ஆடுபவர், கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தாக்குதல் மூளும் முன் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தாவது ராணிகளை மாற்றிக்கொள்ளப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கு உட்காருபவர் அந்த அமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகு அதே நிலைக்கு அதே நிரல் வேறொரு நகர்த்தலைக் காட்டக்கூடும்.